20 தாள்ல ஆரம்பிச்சு 11 தேறின கூழைக்கடா: ஒரு லினோகட்டோட நிகழ்வு ஆய்வு

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். வேடந்தாங்கல்ல பாத்த ஒரு கூழைக்கடா, அதை லினோங்கற தரை விரிப்புத் துண்டுல வெட்டி, மை உருட்டி, தாள்ல அச்சடிச்சேன். 20க்கு 30 சென்டிமீட்டர் லினோ பிளாக், மூணு கலர், ரிடக்‌ஷன் முறை. போன வருஷம் அக்டோபர்ல முதல் கலர் போட்டேன், டிசம்பர் கடைசில மூணாவது முடிஞ்சுது. ஆரம்பிச்சது 20 தாள். கடைசில பென்சில்ல நம்பர் போட்டு கையெழுத்து வச்சது 11. நடுவுல போன 9ல அஞ்சு ஒரு காரணத்துக்கு போச்சு, நாலு வேற காரணத்துக்கு போச்சு. ரெண்டுமே கத்தியால வந்த தப்பு இல்லங்கறதுதான் இதை எழுத உக்கார வச்சுது. லினோகட்னாலே நம்ம கவனம் எல்லாம் வெட்டறதுலதான் இருக்கு, எந்த கத்தி, எவ்ளோ ஆழம், கை எப்படி பிடிக்கணும்னு. எனக்கு ஒன்பது தாளை தின்னது காத்துல இருந்த ஈரமும், மை சீக்கிரம் காயறதுக்காக அதுல நான் சேத்த நாலு சொட்டு டிரையரும்.

இந்த முறை தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். ரிடக்‌ஷன்னா ஒரே பிளாக்குலயே எல்லா கலரும். தாள் வெள்ளையா எங்க நிக்கணுமோ அதை முதல்ல வெட்டி எடுத்துடணும், மிச்சத்துல மை உருட்டி எல்லா தாள்லயும் லைட் கலர் அடிக்கணும். அப்புறம் அதே பிளாக்குல லைட் கலரா நிக்க வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துட்டு, அதே தாள்கள் மேல ரெண்டாவது கலர். திரும்ப வெட்டு, திரும்ப அடி. கலர் ஏற ஏற பிளாக் கரைஞ்சுக்கிட்டே வரும், கடைசில இருட்டு மட்டும்தான் பிளாக்குல மிச்சம் இருக்கும். அதனால பின்னாடி போக வழியே கிடையாது. ஒரு தாள் கெட்டா கெட்டதுதான், "சரி இன்னும் ரெண்டு அடிச்சுக்கலாம்"னு சொல்ல முடியாது, ஏன்னா முதல் கலரோட பிளாக் இப்ப உலகத்துலயே இல்ல. பிக்காசோ 1958ல க்ரானாக்குங்கற பழைய ஜெர்மன் ஓவியர் வரைஞ்ச ஒரு பெண் உருவத்தை வச்சு கலருக்கு ஒரு பிளாக்னு தனித்தனியா வெட்டிதான் லினோ போட்டாரு, அத்தனை பிளாக்கையும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார வைக்கறது பெரும்பாடு. 1959ல இருந்து வல்லோரிஸ்ல அர்னேராங்கற ப்ரின்டர் கூட சேந்து ஒரே பிளாக்குல வெட்டி வெட்டி அடிக்கற வழிக்கு வந்துட்டாரு. அப்ப அவருக்கு வயசு 77, 78. இந்த முறை பரவலா தெரிய வந்ததுக்கு அவருதான் பெரிய காரணம்.

லினோவுக்கே ஒரு கதை இருக்கு. இது தரைல விரிக்கறதுக்காக வந்த சாமான். 1860கள்ல இங்கிலாந்துல ஃப்ரெடரிக் வால்டன்ங்கறவரு பெயின்ட்ல ஆளிவிதை எண்ணெய் காஞ்சு மேல ஒரு ரப்பர் மாதிரி ஆடை படியறதைப் பாத்து, அதையே கெட்டியாக்கி கார்க் தூள், பிசின் எல்லாம் சேத்து, துணி மேல தடவி தரை விரிப்பா பண்ணி பேட்டன்ட் வாங்கினாரு. மரத்துல இருக்கற மாதிரி இதுல ரேகை கிடையாது, கத்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி போகும். அதனாலதான் ஓவியக்காரங்க கைக்கு வந்துச்சு, வியன்னால சிசெக்குங்கற வாத்தியாரு சின்னப் பசங்களுக்கு இதுல சொல்லிக்குடுத்தாரு. நம்ம ஊர்ல ஓவியர் நந்தலால் போஸ் 1930ல தண்டி யாத்திரை சமயத்துல காந்தி கோலோட நடக்கறதை வெட்டினது லினோதான், கறுப்பு வெள்ளை தவிர ஒண்ணும் இல்ல. நான் ஒவ்வொரு பிளாக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் அதை எடுத்து பாப்பேன். எவ்ளோ கம்மியா வெட்டி ஒரு ஆளோட நடையையே கொண்டு வந்திருக்காருன்னு பாத்தாலே கை தானா நிதானத்துக்கு வந்துடும்.

இப்ப பறவைக்கு வரேன். அதுக்கு முந்தின ஜனவரில வேடந்தாங்கல் போனேன். சென்னைல இருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர், காலைல அஞ்சு மணிக்கு கிளம்பினா வெயில் ஏறறதுக்குள்ள கரைல நிக்கலாம். ஏரி நடுவுல தண்ணில முங்கி நிக்கற நீர்க்கடம்பு, கருவேல மரங்க, அது மேல எங்க பாத்தாலும் கூடு. அந்த ஊர்க்காரங்க பறவைகளை காப்பாத்தறது இன்னைக்கு நேத்து வழக்கம் இல்ல, வெள்ளைக்காரன் காலத்துல சுட வந்தவங்க மேல புகார் சொல்லி 1798லயே கலெக்டர் லயனல் ப்ளேஸ் கிட்ட உத்தரவு வாங்கி வச்சிருக்காங்க. பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம், அவங்களுக்கு அது நல்லாவே தெரியும். 2022ல இந்த ஏரிக்கு ராம்சர் அந்தஸ்தும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரமும் வந்துச்சு.

அன்னைக்கு கரைக்கு கிட்ட இருந்த ஒரு மரத்துல ஒரு கூழைக்கடா உக்காந்திருந்துச்சு. தூரத்துல பாத்தா அழுக்கு வெள்ளை மூட்டை மாதிரிதான் தெரியும். கிட்டத்துல பாத்தாதான் தெரியுது, மேல் அலகு ஓரத்துல வரிசையா கருநீலப் புள்ளி, யாரோ மைல விரலைத் தொட்டு தொட்டு வச்ச மாதிரி. பிடரில சாம்பல் கலர்ல கலைஞ்ச முடி, பழைய பிரஷ் மாதிரி சிலிர்த்துக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அலகை மெதுவா வானத்தைப் பாத்து தூக்கி, கழுத்தை நீட்டி, அந்த தொண்டைப் பையை இழுத்து விரிச்சுது. சூரியன் அதுக்குப் பின்னாடி. பை தோல் வழியா வெளிச்சம் வந்துச்சுங்க. உள்ள ஓடற ரத்தக்குழாய் கிளை கிளையா தெரியுது, தசை நிறத்துல, ஓரத்துல மட்டும் பளிச்சுனு ஒரு வெள்ளைக் கோடு. மூணு செகண்ட் இருக்கும். அந்தப் பை மீனை சேத்து வைக்கறதுக்குன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது வலை மாதிரி, தண்ணியோட சேத்து அள்ளி, தண்ணியை வடிய விட்டுட்டு மீனை முழுங்கிடும். எனக்கு அந்த மூணு செகண்ட் வெளிச்சம்தான் வேணும், வேற எதுவும் வேணாம். போட்டோ எடுக்கல, எடுத்திருந்தாலும் என்னோட போன்ல அது ஒரு புள்ளியாதான் விழுந்திருக்கும், நோட்ல அஞ்சாறு கிறுக்கல் மட்டும் போட்டுட்டு வந்தேன்.

மே மாசம் முதல் பிளாக் வெட்டினேன், அது வீணாப் போச்சு. அதையும் சொல்லியாகணும், ஏன்னா ரெண்டாவது பிளாக் எப்படி வெட்டினேங்கறது அதுல இருந்துதான் வந்துச்சு. ஒவ்வொரு இறகும் வரணும்னு ஒரு மில்லிமீட்டர் வி வடிவக் கத்தியால மூணு வாரம் இழைச்சு இழைச்சு வெட்டினேன். ப்ரூஃப், அதாவது சோதனைக்கு ஒரு அச்சு, எடுத்து பாத்தா பறவை முழுக்க ஒரே சாம்பல் கஞ்சி. பென்சில்ல கோடு மேல கோடு போட்டா நிழல் வரும், லினோல கோடு மேல கோடு வெட்டினா வெளிச்சமும் இல்ல இருட்டும் இல்லாம போயிடும். இன்னொண்ணு, அந்த லினோ பழசு. ஒரு கடைல சுருட்டி வச்சிருந்த ரோல்ல இருந்து விலை கம்மின்னு வாங்கினது. ஆளிவிதை எண்ணெய் காத்துல காய்ஞ்சுக்கிட்டே இருக்கற பொருள், வருஷம் ஆக ஆக லினோ இறுகி பொடிய ஆரம்பிச்சுடும். பிடரி முடி வெட்டறப்ப கத்திக்குப் பக்கத்துல மண்ணு மாதிரி உதிர்ந்துச்சு. இப்பல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மூலையை மெதுவா வளைச்சுப் பாப்பேன், விரிசல் விட்டா வேணாம். நல்ல லினோ வளையும், கொஞ்ச நேரம் மொட்டைமாடி வெயில்ல வச்சா இன்னும் இதமாயிடும், கத்தி வெண்ணெய்ல போற மாதிரி போகும், ரொம்ப நேரம் விட்டுட்டா தொய்ஞ்சுடும், பத்து நிமிஷம் போதும்.

எனக்கு இதைச் சொல்லிக்குடுத்தவரை மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். முதல் ப்ரூஃபை அவர் கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஏம்மா, நீ பாத்தது இறகையா, வெளிச்சத்தையா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அப்புறம் புது லினோ வாங்கி, இறகையே மறந்துட்டு, நாலே நாலு அளவு வெளிச்சமா பிரிச்சேன். தாளோட வெள்ளை, பறவை முதுகும் பையோட ஓரக் கோடும். முதல் கலர் லைட்டா நீலச் சாம்பல், வானமும் தண்ணியும் உடம்போட நிழலும். ரெண்டாவது தசை ரோஸ், பை மட்டும்தான் அதுல நிக்கும். மூணாவது கருநீலம், மரம், அலகுப் புள்ளி, கண்ணு, இறக்கை நுனி. ரோஸை நீலச் சாம்பல் மேல அடிச்சா மங்கும்னு தெரியும், அந்தப் பையும் அப்படி ஒண்ணும் பளபளப்பு ரோஸ் கிடையாது, கொஞ்சம் வெள்ளை மை கலந்து மறைப்பு கூட்டினேன், சரியா வந்துச்சு. ரத்தக்குழாய்க்கு மட்டும் பைக்குள்ள ஏழு கோடு, வெள்ளையா. அந்த ஏழு கோட்டுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. வெட்டறப்ப பள்ளத்தோட சுவர் வெளிப்பக்கமா சாஞ்சு இறங்கணும், மலை அடிவாரம் மாதிரி, உள்பக்கம் குடைஞ்சுட்டா மேல நிக்கற மெல்லிசு கோடு நாலு தாள் அடிக்கறதுக்குள்ள ஒடிஞ்சு விழுந்துடும். இடது கை எப்பவும் கத்திக்குப் பின்னாடி. வானத்துப் பகுதில வெட்டி எடுத்த இடத்துல கத்தி விட்டுப்போன மேடு கொஞ்சம் கொஞ்சம் மை வாங்கும், நிறைய பேர் அதைச் சுத்தமா வழிச்சு எடுத்துடுவாங்க, நான் விட்டுட்டேன், ஆனா அந்த மேடு எல்லாம் பறவை அலகு பாக்கற திசைல மேல் நோக்கிப் போற மாதிரி வெட்டினேன். தண்ணில மட்டும் படுக்கை வசமா.

தாள் நேபாளத்துல கையால செய்யற லோக்தா. என்கிட்ட பிரஸ் கிடையாது, எவர்சில்வர் கரண்டி பின்பக்கத்தால தேய்ச்சுதான் அடிக்கறேன், அதுக்கு மெல்லிசா வழவழன்னு இருக்கற தாள்தான் வேணும். தடிமனான சொரசொர ஹேண்ட்மேட் தாள்ல கை ஓஞ்சாலும் மை முழுசா ஏறாது, நனைச்சு பிரஸ்ல விட்டாதான் ஏறும். மை ஆஃப்செட் பிரஸ்காரங்க வாங்கற எண்ணெய் மை. கண்ணாடி மேல ரோலரை உருட்டறப்ப மை அதிகமா இருந்தா சப்பு சப்புனு சத்தம் வரும், அளவா இருந்தா பட்டுப்புடவை உரசற மாதிரி ஸ்ஸ்ஸ்னு கேக்கும், நான் கண்ணை விட காதைத்தான் நம்பறேன்.

தாளை ஒரே இடத்துல உக்கார வைக்கறதுக்கு ஜப்பான்காரங்க மர அச்சுல வைக்கற கென்டோ மாதிரி, பலகைல ஒரு எல் மூலையும் ஒரு நேர் கட்டையும் ஒட்டி வச்சிருந்தேன். ப்ரின்ட்டுல பாத்தா அந்த மூலை இடது பக்கம் கீழ வரும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பறவை வலது பக்கம் மேல பாக்குது, அதோட பை வலது மேல் பக்கம். அதாவது நான் தாளைப் பிடிச்சு நிறுத்தின மூலைல இருந்து எவ்ளோ தூரம் போக முடியுமோ அவ்ளோ தூரத்துல.

அக்டோபர் நடுவுல முதல் கலர், 20 தாளும் அருமையா வந்துச்சு, மூணு நாள்ல காஞ்சுது. 15 தாளை செய்தித்தாள் நடுவுல வச்சு இரும்பு பீரோல வச்சேன். தட்டுல இடம் பத்தல, மீதி அஞ்சு பால்கனி பக்கத்து ரூம்ல ஜன்னல் ஓரத்துக் கொடியிலயே கிளிப் போட்டபடி தொங்கிச்சு. அது ஒரு விஷயமாவே எனக்குத் தோணல. அப்புறம் பிளாக்கை வெட்ட ரெண்டு மூணு வாரம் ஆச்சு, அதுக்குள்ள வடகிழக்கு பருவமழை பிடிச்சுக்கிச்சு. நவம்பர் நடுவுல ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வெளிய கொட்டுது, ரெண்டாவது கலர் அடிக்க உக்காந்தேன். கொடியில இருந்த அஞ்சும் கைக்கு பக்கத்துல இருந்ததால அதையே முதல்ல எடுத்தேன், அப்புறம் பீரோல இருந்து 11. பதினாறாவது முடிக்கறப்ப கரண்ட் போயிடுச்சு. மெழுகுவத்தி வச்சுக்கிட்டு ரோஸ் கலர் பாத்து அடிக்க முடியாது, நிறுத்திட்டேன். மறுநாள் காலைல மிச்சம் நாலு.

மறுநாள் காலைல வெளிச்சத்துல பாத்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. அஞ்சு தாள்ல ரோஸுக்கும் பையோட வெள்ளைக் கோட்டுக்கும் நடுவுல நீலச் சாம்பல் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பாக்குது. ஒரு மில்லிமீட்டர்தானேன்னு தோணும். அந்த வெள்ளைக் கோட்டோட அகலமே ஒன்றரை மில்லிமீட்டர்தான், வெளிச்சம் பை வழியா வர்ற மாதிரி தெரியறதே ரோஸும் வெள்ளையும் ஒட்டி நிக்கறதாலதான், நடுவுல சாம்பல் வந்த உடனே வெளிச்சம் செத்துப் போச்சு. வெறும் ரோஸ் கலர் பை தொங்குது. ஆரம்பத்துல கை பழகறதுக்குள்ள அவசரமா வச்சுட்டேன் போலன்னு நினைச்சேன், அந்த அஞ்சும் முதல்ல அடிச்சதுங்கறதால அது நியாயமாவும் பட்டுச்சு. ரெண்டு நாள் அப்படியேதான் நம்பிக்கிட்டு இருந்தேன், எல் மூலையைப் பிரிச்சு புதுசா ஒட்டக்கூட ஆரம்பிச்சுட்டேன்.

அஞ்சையும் மாஸ்டர் கிட்ட எடுத்துட்டு போனேன், அன்னைக்கும் மழை. அவர் பையை பாக்கவே இல்ல, நேரா இடது கீழ் மூலைல மரக்கிளை இருக்கற இடத்தை லென்ஸ் வச்சு பாத்தாரு. அப்புறம் நடுவுல. அப்புறம்தான் வலது மேல். "மூலைல பாரு, மயிரிழை கூட விலகல. நடுவுல அரை மில்லிமீட்டர். மேல போகப் போக ஒண்ணு. தாளை நீ தப்பா வச்சிருந்தா எல்லா இடத்துலயும் ஒரே அளவுதானம்மா விலகணும்?" அப்படின்னாரு. எனக்குப் புரியல. "தாளை வளந்த பிள்ளைன்னு நினைச்சுக்கோ, முதல் கலர் தச்ச சட்டை, பிளாக் அதே சைஸ்லதான் இருக்கு, பிள்ளை வளந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாரு. முதல் கலரோட நீளம் பிளாக்குல சரியா 30 சென்டிமீட்டர். அந்தத் தாள்ல 30.1 இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பீரோல இருந்த தாள் ஒண்ணை எடுத்து அளந்தேன், 30.0.

தாள்ல இருக்கற நார் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி பருத்துக்கும். மெஷின்ல வர்ற தாள்ல நார் எல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கமா படுத்திருக்கும், அதனால அது குறுக்குவாட்டுல அதிகமாவும் நீளவாட்டுல கம்மியாவும் நீளும், கையால அள்ளி எடுக்கற தாள்ல நார் எல்லா பக்கமும் கிடக்கறதால ஏறக்குறைய ரெண்டு பக்கமும் நீளும். என்னோட அஞ்சு தாளும் ரெண்டு பக்கமுமே வெளிய தள்ளி இருந்துச்சு. உறுதி பண்ணிக்கறதுக்காக லோக்தாவுல சரியா 30 சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு நறுக்கி ஒண்ணை அதே கொடியிலயும் ஒண்ணை பீரோலயும் வச்சு, அடுத்த மழை நாள்ல எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். கொடியில இருந்தது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். அதுக்கப்புறம் எனக்கு சந்தேகமே இல்ல. மழைக்காலத்துல அப்பளம் நமுத்துப் போறதை வருஷா வருஷம் பாக்கறோம், தாளும் அப்படித்தான்னு எனக்கு ஏன் உறைக்கலன்னு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

இதுல ரெண்டு தப்பு சேந்திருக்கு. தாள்களை ரெண்டு இடத்துல வச்சது ஒண்ணு. எல்லாத்தையும் ஜன்னல்லயே வச்சிருந்தா எல்லாமே போயிருக்கும், எல்லாத்தையும் பீரோல வச்சிருந்தா எல்லாமே தப்பிச்சிருக்கும். இன்னொண்ணு, எல் மூலையை எந்தப் பக்கம் ஒட்டறதுன்னு யோசிக்காம வழக்கமா வைக்கற பக்கமே வச்சது. தாள் எவ்ளோ நீண்டாலும் பிடிச்சு நிறுத்தின மூலைல விலகல் இருக்காது. அந்த மூலை பைக்குப் பக்கத்துல இருந்திருந்தா அந்த ஒரு மில்லிமீட்டர் கீழ மரக்கிளைல போய் விழுந்திருக்கும், கிளைல ஒரு மில்லிமீட்டர் விலகினா யாரு கண்ணுக்கும் தெரியாது, கருநீலம் வந்து மூடியும் விட்டிருக்கும். அஞ்சும் பொழைச்சிருக்கும்.

இப்ப அந்த நாலு தாள். கரண்ட் போன மறுநாள் காலைல அடிச்சது. முந்தின நாள் அடிச்சது கையில ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, ஈரக்காத்துல எண்ணெய் மை சீக்கிரம் காயாது, டிசம்பர் கடைசில ஒரு இடத்துல வச்சு விக்கறதா ஒத்துக்கிட்டு இருந்தேன், பயம் வந்துடுச்சு. மைல கோபால்ட் டிரையர் நாலு சொட்டு விட்டு கலந்து அந்த நாலு தாளையும் அடிச்சேன். மூணே நாள்ல காஞ்சுது, சந்தோஷப்பட்டேன். மத்த 11ம் காய எட்டு ஒம்பது நாள் ஆச்சு. டிசம்பர்ல மூணாவது கலர் போட்டப்ப அந்த 11லயும் கருநீலம் கம்முனு போய் உக்காந்துச்சு, இந்த நாலுல மட்டும் வாழையிலை மேல விட்ட தண்ணி மாதிரி மை திட்டுத் திட்டா விலகி நிக்குது. அலகுப் புள்ளி அஞ்சுல ரெண்டு பாதி, கண்ணு காணோம். கோபால்ட் மையோட மேல்பரப்பைத்தான் சீக்கிரமா இறுக்கும், அளவு மீறினா மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆடை கட்டிடும், அது மேல அடுத்த மை ஒட்டறதுக்கு பிடிப்பே இருக்காது. ஆஃப்செட் பிரஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு இது பழைய தலைவலி, ஒருத்தர் கிட்ட காட்டின உடனே நகத்தால ரோஸ் மேல லேசா தேய்ச்சு பாத்துட்டு, "டிரையர் ஜாஸ்தி அக்கா"ன்னு ஒரே வரில சொல்லிட்டாரு. திரும்ப ஒரு தடவை மேல அடிச்சு பாத்தேன், சாக்பீஸ் தூள் தடவி துடைச்சுட்டும் அடிச்சு பாத்தேன், மங்கலா ஏறி மறுநாள் துடைச்சா வந்துடுச்சு. விட்டுட்டேன்.

மிச்சம் 11. அதைப் பத்தி எனக்கு முழு திருப்தி. சுவத்துல மாட்டி பத்தடி தள்ளி நின்னு பாத்தா பை உள்ள இருந்து எரியுது. கிட்ட போய் பாத்தா ஏழு வெள்ளைக் கோடுதான். விக்கற இடத்துக்கு ஆறு தாள்தான் கொண்டு போனேன், நாலு போச்சு. ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, எங்க ஊர் ஏரிக்கு இது வரும், நாங்க இதை அடிச்சு துரத்துவோம் மீனைத் தின்னுடும்னு, இவ்ளோ கிட்டத்துல ஒருநாளும் பாத்ததில்லன்னாரு. அவர் வாங்கல, ஆனா அன்னைக்கு வந்தவங்கள்ல அவரை மட்டும்தான் எனக்கு முகத்தோட ஞாபகம் இருக்கு.

இந்த வருஷம் பிப்ரவரில நத்தைகுத்தி நாரை ஒண்ணு வெட்டினேன், அதுவும் மூணு கலர், அதே லோக்தா. கூடு கட்ட குச்சி தூக்கிட்டு வர்ற நாரை, மூடினாலும் நடுவுல இடைவெளி விடற அலகு, அந்த இடைவெளி வழியா வானம் தெரியணும், அதான் அந்த ப்ரின்ட்டோட உயிர். இந்த தடவை எல் மூலையை அலகுக்குப் பக்கத்துல ஒட்டினேன். 16 வேணும்னு வச்சுக்கிட்டு 24 தாள்ல ஆரம்பிச்சேன், எல்லாத்தையும் ஒரே தட்டுல வச்சேன், அடிக்கற நாளுக்கு முந்தின ராத்திரியே அடிக்கற ரூமுக்கு கொண்டு வந்து வச்சு அந்த ரூம் காத்துக்கு பழக விட்டேன், கூடவே 30 சென்டிமீட்டர் துண்டு ஒண்ணும். காலைல முதல்ல அந்தத் துண்டை அளப்பேன், சரியா இருந்தாதான் மை டப்பாவைத் திறப்பேன், ஒரு நாள் சரியா இல்ல, மூடிட்டு வேற வேலை பாக்கப் போயிட்டேன். டிரையர் பாட்டிலை எடுக்கவே இல்ல. 24ல 21 தேறுச்சு. போன மூணுல ரெண்டு என்னோட கட்டைவிரல் மை பட்டது, ஒண்ணு கரண்டி நுனி பட்டு தாள் கிழிஞ்சது. பிப்ரவரியே வறண்ட மாசம்தான், அதுவும் சேந்து உதவியிருக்கும். அதனால வர்ற நவம்பர்ல மழையோட மழையா இதே முறைல ஒரு சின்ன பிளாக் போட்டு பாக்கப் போறேன், மீன்கொத்தி, ரெண்டே கலர்.

கூழைக்கடால போன அஞ்சையும் கிழிக்கல. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் பென்சில்ல தேதி, எங்க தொங்குச்சு, மூலைல எவ்ளோ, நடுவுல எவ்ளோ, மேல எவ்ளோன்னு எழுதி, டிரையர் போட்ட நாலோட சேத்து தனி ஃபைல்ல போட்டிருக்கேன். பீரோல தாள் வைக்கற தட்டுல அந்த ஃபைல்தான் மேல இருக்கு, வெறும் தாள் எடுக்கணும்னா முதல்ல அதைத் தூக்கி ஓரமா வச்சாகணும்.